மூக்குத்தியும் சிபாப் மெஷினும்

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு தடைபடுகிறவர்கள் ராத்திரி முகத்தில் மாஸ்க்கோடு மாட்டிக்கொள்வது சிபாப் மெஷின். அதை வாங்குகிற எல்லாருக்கும் அதோடு இலவசமாக ஒரு வாக்கியமும் வரும்: "போகப்போகப் பழகிடும்." டாக்டர் சொன்னார். பெட்டியைக் கொண்டுவந்து, ஹாலில் வைத்தே மாட்டிக் காட்டிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போன பையன் சொன்னான். கடைக்கு போன் போட்டால் எடுத்த பெண் சொன்னாள். அதை ஒரு நாளும் முகத்தில் வைத்துப் பார்த்திராத என் வீட்டுக்காரரும் சொன்னார். எனக்கு இந்த வாக்கியத்தோடு பெரிய சண்டை இருக்கிறது. அது தானாகப் பழகவில்லை. ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்தைத் தேடிப்பிடித்துச் சரிசெய்த பிறகு அந்தத் தொல்லை போனது, அப்புறம் அடுத்தது. பழகிடும் பழகிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறவர்களின் மெஷின் எங்கே இருக்கும் தெரியுமா? பரணில். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டுப் பரணில் இருக்கிறது.

நான் திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது ஐம்பத்து நாலு. குண்டு என்று சொல்ல முடியாது, ஒல்லி என்றும் யாரும் சொன்னதில்லை. குறட்டை என்றால் எங்கள் வீட்டில் அது வீட்டுக்காரரின் சொத்து, எனக்கு அதில் பங்கு உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமில் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டே தூங்கி, பக்கத்து டீச்சர் முழங்கையால் இடித்து எழுப்புகிற நிலைமை வந்தபோதுதான் டாக்டரிடம் போனேன். காலையில் எழுந்ததும் தலைவலி, ராத்திரி மூன்று நாலு தடவை பாத்ரூம். தைராய்டு பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், ரத்தசோகை பார்த்தார்கள், பி12 பார்த்தார்கள். எல்லாம் அளவோடு இருந்தது. "மாதவிடாய் நிக்கிற வயசும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று மனசுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார் ஒருவர்.

மாதவிடாய் நின்ற பிறகு இந்த மூச்சுத்தடை வருகிற வாய்ப்பு பெண்களுக்கு ஏறுகிறது என்பது உண்மை. அதை அவர் சொல்லவில்லை. ஆண்களுக்கு வருகிற மாதிரி வீடு அதிரும் குறட்டையும், மூச்சு நின்று திணறி எழுவதும் நமக்கு அவ்வளவாக இருப்பதில்லை. அசதி, தூக்கமின்மை, தலைவலி, எரிச்சல் என்றுதான் நாம் போய் நிற்போம். அதனாலேயே தைராய்டு பரிசோதனையோடு திருப்பி அனுப்பப்படுகிற பெண்கள் நிறையப் பேர். ராத்திரி பாத்ரூம் போவதும் இதில் சேர்த்திதான் என்று பின்னால் வந்த நுரையீரல் டாக்டர் சொன்னபோது எனக்கு ஆச்சரியம். தொண்டை மூடிக்கிடக்கும்போது மார்பு காற்றை இழுக்கப் போராடுகிறது, அந்த இழுவையில் இதயத்தின் மேலறை விரிகிறது, விரிந்ததும் உடம்பில் தண்ணீர் கூடிவிட்டதாக நினைத்து ஒரு ஹார்மோனை விடுகிறது, சிறுநீரகம் அதைக் கேட்டு வேலை செய்கிறது. சர்க்கரை இல்லாமலே ராத்திரி முழுக்க நடந்ததற்கு இதுதான் கணக்கு.

தூங்க வைத்து ராத்திரி முழுக்க மூச்சைக் கவனிக்கிற ஸ்லீப் ஸ்டடி பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. தலையில் பசை வைத்து ஒயர், மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்ஸிஜன் கிளிப், மூக்கில் மெல்லிய குழாய். இதையெல்லாம் கட்டிக்கொண்டு யார் தூங்குவார் என்று நினைத்தால், தூங்கிவிட்டேன். ரிப்போர்ட்டில் மணிக்கு 34 என்று இருந்தது. அதாவது பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பது அல்லது வெகுவாகக் குறைவது, ஒரு மணி நேரத்தில் சராசரியாக 34 தடவை. 5க்குக் கீழே இருந்தால் சாதாரணம், 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். கணக்கு டீச்சருக்கு ஏழு மணி நேரத்தால் பெருக்கிப் பார்க்காமல் இருக்க முடியுமா? அன்று ராத்திரி எனக்கு வந்த பயம் வேறு எதற்கும் வந்ததில்லை.

சரி, மெஷினுக்கு வருவோம். முதலில், அது ஆக்ஸிஜன் கொடுக்கும் கருவி இல்லை. அறையில் இருக்கிற அதே காற்றைத்தான் இழுத்துக் கொஞ்சம் அழுத்தத்தோடு அனுப்புகிறது. தூக்கத்தில் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும் தொண்டைச் சதையை அந்த அழுத்தம் விலக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. அழுத்தத்தைச் சென்டிமீட்டர் தண்ணீர் என்ற அளவில் சொல்வார்கள், பொதுவாக 4 முதல் 20 வரை. பத்து என்றால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் ஒரு உயரமான டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதிப் பாருங்கள். குமிழ் வர எவ்வளவு ஊத வேண்டியிருக்கிறதோ அதுதான் பத்து. என் பிள்ளைகளுக்கு வகுப்பில் செய்து காட்டினேன், 'டீச்சர், இதுக்கா இவ்வளவு விலை' என்று கேட்டார்கள்.

1980 வாக்கில் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் இதை முதலில் செய்தபோது வேக்குவம் கிளீனர் மோட்டாரைத்தான் ஊதுவதற்குப் பயன்படுத்தினார். 1981இல் லான்செட் மருத்துவ இதழில் ஐந்து நோயாளிகளை வைத்து எழுதினார். அதுவரை தீவிரமாக இருந்தவர்களுக்கு ஒரே வழி, தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பது. ஆரம்ப காலத்தில் அவரவர் முகத்துக்கு அச்செடுத்துச் செய்த மாஸ்க்கை ராத்திரிக்கு ராத்திரி பசை போட்டு ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். இதைப் படித்ததும் என் புலம்பல் கொஞ்சம் குறைந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். அந்த முதல் ஆட்களுக்கே முகத்துக்கு ஏற்ற மாஸ்க் செய்திருக்கிறார்கள். எனக்கு வந்தது பெட்டியில் இருந்த ஒரே அளவு.

என் பிரச்சினை மூக்குத்தியில் ஆரம்பித்தது. மூக்கை மூடுகிற மாஸ்க்கில் மெல்லிய சிலிக்கான் குஷன் மூக்கைச் சுற்றி உட்காரும். எட்டுக்கல் பேசரி மேலே அது எப்படி உட்காரும்? கல் தூக்கி நிற்கிற இடத்தில் இடைவெளி, அதன் வழியாக உஸ்ஸென்று காற்று நேராகக் கண்ணுக்குப் போகும். காலையில் கண் சிவந்து, மணல் விழுந்த மாதிரி உறுத்தும். வாரை இறுக்கினேன். இறுக்க இறுக்கக் கல் மூக்கில் அழுந்தியதே தவிரக் காற்று நிற்கவில்லை. "கழட்டி வச்சிடேன்" என்றார் வீட்டுக்காரர். "சுமங்கலிப் பொண்ணு ராத்திரி மூக்குத்தியைக் கழட்டிட்டுப் படுக்கிறதா, நல்லா இருக்கு" என்றார் அத்தை. எனக்கும் கழட்ட மனசில்லை, சும்மா சொல்வானேன். முப்பது வருஷமாக மூக்கிலேயே இருப்பது.

கடைக்குப் போய் வேறு மாஸ்க் கேட்டேன். துவாரத்துக்குள் நுழைகிற சின்ன குஷன் ரகத்தைக் காட்டினார்கள். அதில் கல் தொந்தரவு இல்லை, ஆனால் உள்ளே இருக்கும் திருகாணி குஷனில் உரசி மூக்கின் உட்பக்கம் புண்ணாகிவிட்டது. வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க்கில் மறுபடி கல் பிரச்சினை. கடைசியில் ஸ்லீப் லேபில் வேலை பார்க்கும் டெக்னீஷியன் பெண் ஒருத்தி, என் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு மூக்குக்கு அடியில மட்டும் உட்கார்ற ரகம் இருக்கு, அதைப் போட்டுப் பாருங்க" என்றாள். மூக்கின் பக்கங்களைத் தொடாமல் துவாரங்களுக்குக் கீழே மட்டும் அடைத்து நிற்கும் மாஸ்க் அது. பேசரிக்குப் பதிலாக ஒற்றைக்கல்லும், உள்ளே திருகு குட்டையாக இருக்கிற மாதிரியும் ஆசாரியிடம் மாற்றிக்கொண்டேன். அத்தைக்கும் திருப்தி, மாஸ்க்குக்கும் திருப்தி.

அவள் இன்னொன்றும் செய்தாள். என்னைப் படுக்க வைத்து, மெஷினை ஓட விட்டு, அப்புறம் வாரைச் சரிசெய்தாள். வாங்கிய அன்று அந்தப் பையன் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, மெஷின் ஓடாமலே மாட்டிக் காட்டினான். படுத்தால் முகச்சதை பின்னால் சரியும், மாஸ்க் உட்காரும் இடமே மாறிவிடும். அதுவும் இல்லாமல் குஷனுக்குள் காற்று புகுந்து அது உப்பினால்தான் தோலோடு பொருந்தும். இறுக்கிக் கட்டினால் உப்ப இடமில்லாமல் மடிந்து, கசிவு கூடத்தான் செய்யும். இரண்டு விரல் நுழைகிற அளவு தளர்த்தி வைத்தபோது கசிவு நின்றது, எனக்கு நம்பவே முடியவில்லை. என் மெஷினில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் கசிந்தால் காலையில் சிவப்பு முகம் காட்டும். அன்றைக்கு மறுநாள் பச்சை.

கொண்டை இன்னொரு தலைவலி. பின்னந்தலையில் கொண்டை போட்டால் வார் மேலே ஏறிவிடும், கீழே வழுக்கும். தளர்வாகப் பின்னி, பின்னலை வாருக்கு மேலே எடுத்துப் போட்டுவிட்டால் சரியாகிவிடும். எண்ணெய் விஷயம் அதைவிட முக்கியம். ராத்திரி தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துப் படுக்கிறது நம் பழக்கம். எண்ணெய்ப் பிசுக்கில் சிலிக்கான் வழுக்கும், நாளாக ஆக அதன் மெல்லிய ஓரம் கெட்டும் போகும். இப்போதெல்லாம் எண்ணெய் சாயங்காலமே, படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவல், காலையில் குஷனையும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயப் போடுதல். வெயிலில் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது மூச்சு முட்டுவது. மாஸ்க் போட்டதுமே காற்று போதவில்லை என்று பதறிப் பிடுங்கிப் போடுவேன். இதைச் சொன்னால் எல்லாரும் அழுத்தம் அதிகமாக இருக்கிறது, குறைக்கணும் என்பார்கள். உண்மையில் குறைவாக இருந்ததுதான் கோளாறு. மெஷினில் ராம்ப் என்று ஒன்று வைத்திருப்பார்கள், படுத்ததும் 4இல் ஆரம்பித்து மெல்ல மெல்ல ஏறும், நோயாளிக்குச் சுகமாக இருக்கட்டும் என்று. எனக்கு மட்டுமில்லை, பெரியவர்கள் பலருக்கு 4 போதவே போதாது, மூச்சுக்கு ஏங்க வைக்கும். டாக்டரிடம் கேட்டு ஆரம்பத்தை 6க்கு ஏற்றினோம். வெளியே மூச்சு விடும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கிக் கொடுக்கும் வசதி ஒன்று இருந்தது, அதையும் போட்டுவிட்டார். அன்று ராத்திரியே வித்தியாசம் தெரிந்தது. பெட்டியில் வந்த அமைப்பை மாற்றாமல், 4 முதல் 20 வரை அதுவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம் போலிருக்கிறது. எனக்கு எதிலே மூச்சுத்தடை நிற்கிறது என்று மெமரி கார்டு பார்த்து, அதை ஒட்டிக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் வைத்துக் கொடுத்தார் டாக்டர். மேல் எல்லையைக் குறைத்ததில் இன்னொரு நன்மையும் கிடைத்தது: காலையில் வயிறு உப்புசமாகி ஏப்பம் ஏப்பமாக வந்துகொண்டிருந்தது நின்றது. காற்று உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குப் போயிருக்கிறது. அதுவரைக்கும் அத்தையின் ஓமத் தண்ணீரில்தான் வண்டி ஓடியது.

பகலில் பழகச் சொன்னாள் அந்த டெக்னீஷியன் பெண். படுக்கையில் வைத்துச் சண்டை போடாதீர்கள், சாயங்காலம் டிவி பார்க்கும்போது மாட்டிக்கொண்டு உட்காருங்கள், முதலில் மாஸ்க் மட்டும், அப்புறம் காற்றோடு. பழகுதல் என்று ஏதாவது உண்டென்றால் இதுதான். சீரியல் பார்க்கும் நேரத்தில் வாசலில் காய்காரம்மா வந்து எட்டிப் பார்த்துப் பதறிப்போய், "என்னம்மா, கொரோனாவா?" என்று கேட்டதை என் பெண் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. 2021இல் அவருடைய தம்பி ஐசியூவில் பைபாப் என்ற மூச்சுக்கருவியின் மாஸ்க்கோடு இருந்ததைப் போனில் பார்த்தவர். மாஸ்க் என்றால் அவருக்கு அந்தப் படம்தான். முதல் ராத்திரி என் அறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கரண்ட் போனால் மூச்சு நின்றுவிடாதா என்பதுதான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. நிற்காது. மாஸ்க்கில் நாம் விட்ட மூச்சு வெளியே போகச் சின்னச் சின்னத் துளைகள் உண்டு, மூக்கு மாஸ்க் என்றால் வாயும் சும்மாதானே இருக்கிறது, வாயையும் மூடும் மாஸ்க்கில் காற்று நின்றால் வெளிக்காற்றுக்குத் திறந்துகொள்ளும் வால்வு வைத்திருப்பார்கள். புழுங்கும், விழித்துக்கொள்வோம், கழட்டிவிடுவோம். அத்தை மாஸ்க்கைக் கையில் வாங்கித் துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தன் விரலை வைத்து மூடியும் பார்த்தார். அப்புறம்தான் போய்ப் படுத்தார். (அந்தத் துளைக் காற்று முழுக்க வீட்டுக்காரர் கழுத்தில் அடிப்பதாக அவர் புகார். திரும்பிப் படுங்கள் என்று சொல்லியாகிவிட்டது.)

கரண்ட் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒன்று. வீட்டு இன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுப்பதற்குள் ஒரு சின்ன இடைவெளி, ஃபேனுக்கு அது தெரியாது, மெஷினுக்குத் தெரியும், நின்றுவிடும். யுபிஎஸ்ஸில் வைத்தால் சட்டென்று மாறும். எலக்ட்ரீஷியன் வந்து திருப்பி வைத்துவிட்டுப் போன அன்றிலிருந்து மின்வெட்டு எனக்குத் தெரிவதே இல்லை. பாட்டரி நீண்ட நேரம் தாங்க வேண்டுமானால் ஈரப்பதம் கொடுக்கும் தண்ணீர்ச் சூடாக்கியை அணைத்துவிட வேண்டும், கரண்டை அதிகம் இழுப்பது அதுதான்.

மெஷினின் தண்ணீர்த் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். எங்கள் போர் தண்ணீரை ஒரு வாரம் ஊற்றியதற்கே தொட்டியின் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்துவிட்டது. இன்வெர்ட்டர் பாட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் வீட்டில் கேன் கேனாக இருக்கிறதே, அதை ஊற்றேன் என்றார் வீட்டுக்காரர். வேண்டாம், அது மூச்சுக்காகத் தயாரித்தது இல்லை. மெடிக்கலில் கேட்டால் கிடைக்கும், தினமும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஏசி போடுகிறவர்களுக்கு இன்னொரு வேடிக்கை நடக்கும்: குளிர்ந்த அறையில் ட்யூபுக்குள் ஈரம் நீராகி, நடுராத்திரியில் களகளவென்று சத்தம் போட்டு மூக்கில் தெளிக்கும். ஈரப்பதத்தை இரண்டு படி குறைத்து, ட்யூபைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டால் நிற்கும். ஏசி இல்லாத மாதங்களில் திருச்சியில் எனக்குச் சூடாக்கியே தேவைப்படவில்லை.

இப்போது நேரக் கணக்கு. "நாலு மணி நேரம் போட்டா போதும் மேடம்" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். இந்த நாலு மணி நேரம் அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டு விதியில் இருக்கிற அளவு, முப்பது நாளில் 70 சதவீத இரவுகளில் நாலு மணி நேரமாவது போட்டிருந்தால்தான் தொடர்ந்து பணம் தருவார்கள். காசு கொடுப்பதற்கான கோடு அது. கனவு வருகிற தூக்கத்தில்தான் தசைகள் மிகவும் தளர்கின்றன, பலருக்கு மூச்சுத்தடை அங்கேதான் மோசமாகும், அந்தத் தூக்கம் அதிகம் வருவதோ விடியற்காலைப் பக்கம். பத்து மணிக்குப் போட்டு இரண்டு மணிக்குக் கழட்டி வைத்தால், எதற்காக வாங்கினோமோ அந்த நேரத்தில் மெஷின் மேசைமேல் கிடக்கும். எனக்கே அது நடந்தது. தூக்கத்தில் என்னை அறியாமல் பிடுங்கிப் போட்டிருப்பேன், காலையில் தரையில் கிடக்கும். மூக்குத்திக் கசிவு சரியானதும் அது தானாக நின்றது.

2016இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது, ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ வந்த 2717 பேரை வைத்து நியூ இங்கிலாந்து ஜர்னல் என்ற மருத்துவ இதழில் வந்தது. சிபாப் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை என்று முடிவு. பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. இதைக் காட்டி, சும்மா ஏமாற்று வேலை என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பியிருந்தார். அதே ஆய்வில் அவர்கள் மெஷின் போட்டிருந்த சராசரி நேரம் ராத்திரிக்கு 3.3 மணி என்பதை அவர் அனுப்பவில்லை. முழு ராத்திரி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஆய்வு சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன். ஆய்வுக்கென்றே சேர்ந்தவர்களாலும் அவ்வளவுதான் முடிந்தது என்பதுதான் எனக்குப் படுகிறது. மெஷினை விற்பதற்கு இருக்கிற ஆட்களில் பாதிப் பேரை மாஸ்க் பொருத்துவதற்கு வைக்கக் கூடாதா?

எனக்கு இப்போது மூச்சுத்தடை மணிக்கு இரண்டு, மூன்று தடவை என்று காட்டுகிறது. ராத்திரி பாத்ரூம் நின்றதுதான் முதல் பலன், தலைவலி அடுத்து. பகல் அசதி போக மாதக்கணக்கானது, முழுக்கப் போகவும் இல்லை, வயசும் இருக்கிறதல்லவா.

மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 2021 ஜூனில் பிலிப்ஸ் தன்னுடைய மெஷின்களில் பெரும் எண்ணிக்கையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது, சத்தம் குறைக்க உள்ளே வைத்த பாலியூரித்தேன் நுரை சிதைந்து துகள்கள் மூச்சோடு போகலாம் என்பதற்காக. யார் வீட்டுப் பரணிலிருந்து வருகிற மெஷின் என்றாலும் மாடலையும் சீரியல் நம்பரையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், அல்லது அவர்கள் பக்கத்தில் படுக்கிறவர்கள், காந்தக் கொக்கி உள்ள மாஸ்க் வாங்குவதற்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியூர் போவதுதான் இன்னும் பாடாக இருக்கிறது. ரயிலில் ராத்திரி சார்ஜிங் பாயின்ட்டை அணைத்துவிடுகிறார்கள், அதனால் முடிந்தவரை பகல் ரயில். கல்யாண மண்டபம் என்றால் மெஷின், மாஸ்க், டிஸ்டில்டு வாட்டர் பாட்டில், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மண்டபத்து அறைகளில் பிளக் பாயின்ட் எப்போதும் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில்தான் இருக்கும், அதிலும் ஏற்கெனவே நாலு பேருடைய போன் தொங்கும். போன மாதம் மதுரையில் ஒரு கல்யாணத்தில், ஒரே அறையில் ஏழு பெண்கள் பாய் விரித்துப் படுத்திருந்தோம், சின்ன மாமியார் என் மாஸ்க்கை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா, ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னியே, அந்த டாக்டர் சனிக்கிழமை பாப்பாரா?" என்று கேட்டார். பார்ப்பார், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்று சொல்லி நம்பரைக் கொடுத்தேன்.